தந்தை செல்வாவும் ஒரு மாதம் வாழாத பாராளுமன்றமும்

இலங்கையின் பொதுத் தேர்தல்களை வரிசைப்படுத்தி மனனம் செய்யும் மாணவிகள் ஓரிடத்தில் தடுமாறுவதுண்டு. 1947, 1952, 1956 என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் ஆண்டுகளில் 1960 மட்டும் இரண்டு தடவை வரும். மார்ச் மாதத்தில் ஒன்று, ஜூலை மாதத்தில் இன்னொன்று. அச்சுப் பிழையாக இருக்குமோ என்று எண்ணத் தோன்றும். பிழையில்லை. மார்ச்சில் தெரிவான பாராளுமன்றம் அந்த மாதம் 30ஆம் திகதி கூடி, ஏப்ரல் 23ஆம் திகதி கலைக்கப்பட்டுவிட்டது. ஒரு மாதம்கூட அது வாழவில்லை.

அந்தப் பாராளுமன்றம் பிழைத்திருக்குமா, வீழ்ந்துவிடுமா என்பது ஒரு மெலிந்த மனிதரின் கையில் இருந்தது. அவர் உரத்துப் பேசத் தெரியாதவர். காதும் சரியாகக் கேட்காது. கைகளில் நடுக்கம் தொடங்கியிருந்தது. மேடையில் முழங்கி மக்களை மயக்கும் வித்தை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஆயினும் நாட்டின் பிரதமராக எவர் இருப்பது என்பதைச் சில வாரங்களுக்கு அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர்தான் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். தமிழ் மக்கள் தந்தை செல்வா என்று அழைக்கும் பெரியார்.

அன்னார் பிறந்தது இலங்கையில் அல்ல. மலாயாவின் ஈப்போ நகரில், 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி பிறந்தார். அந்நாளில் யாழ்ப்பாணத்தவர் பலர் தொழில் தேடி மலாயாவுக்குச் சென்றனர். அவரது தந்தையாரும் அவ்வாறு சென்றவரே. பிள்ளைகளின் படிப்பை எண்ணித் தாயார் அவர்களை ஊருக்கு அழைத்து வந்தபோது செல்வநாயகத்துக்கு நான்கு வயதளவில் இருக்கும். தந்தை கடலுக்கு அப்பால் உழைக்க, தாயார் தெல்லிப்பழையில் இருந்து பிள்ளைகளை வளர்த்தார். வெளிநாட்டில் உழைக்கும் தந்தையரையும் வீட்டுப் பாரத்தைத் தனியே சுமக்கும் தாய்மாரையும் நம் வகுப்பறைகளில் பலருக்குத் தெரியும். ஆதலால் அந்த வீட்டைக் கற்பனை செய்துகொள்வது நமக்குக் கடினமன்று.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் சென். ஜோன்ஸ் கல்லூரியிலும் பின்னர் கொழும்பில் சென். தோமஸ் கல்லூரியிலும் படித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாக, இருபதாவது வயதிலேயே பெற்றார். பட்டம் பெற்றதும் ஆசிரியரானார். அவரது குணத்தைக் காட்டும் நிகழ்ச்சியொன்று அக்காலத்தில் நடந்தது. அவருடைய சகோதரர் கடும் நோயுற்று ஊரில் கிடந்தார். போய்ப் பார்த்துவர விடுமுறை கேட்டபோது கிடைக்கவில்லை. வாதிட்டுக்கொண்டு நிற்காமல் வேலையை விட்டு விலகிவிட்டார். பிறகு வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்து, 1923இல் சட்டத்தரணியானார். கொழும்பில் காணி, சொத்து போன்ற குடியியல் வழக்குகளில் பேரெடுத்துப் பின்னர் இராணி வழக்கறிஞராகவும் உயர்ந்தார். 1927இல் எமிலி கிரேஸ் அம்மையாரை மணந்தார். நான்கு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தனர்.

அரசியலுக்கு அவர் வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. 1947இல் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியில் நின்று வென்றார். சைவர்கள் பெருந்தொகையாக வாழும் தொகுதி அது. அவரோ கிறிஸ்தவர். சொந்தச் சமயத்தவர் சிறுதொகையினராக இருந்த இடத்தில் நின்று பெருந்தொகையினரின் நம்பிக்கையைப் பெற்ற அவரது நிலையை நம் போன்ற ஒரு சமூகத்தவர் கூர்ந்து பார்க்கலாம். அவர் சமயத்தை மறைக்கவுமில்லை, அதை வைத்து அரசியல் நடத்தவுமில்லை.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் செனட்டர் இ.மு.வி. நாகநாதனும் பிரிந்து நின்றனர். தோட்டத் தொழிலாளர் ஒருவர்கூடக் காங்கேசன்துறையில் அவருக்கு வாக்களித்தவர் அல்லர். அவர்களுக்காகக் குரல் கொடுத்ததால் அவருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த பதவிதான் போயிற்று. 1949 டிசம்பர் 18ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. கூட்டாட்சி கேட்ட அக்கட்சியை மக்கள் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1952 தேர்தலில் காங்கேசன்துறையிலேயே அவர் தோற்றார்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. அந்த ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை வென்றது. அந்தப் பத்தில் இரண்டு கிழக்கிலங்கை முஸ்லிம்களுடையவை: கல்முனையில் எம்.எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம்.எம். முஸ்தபா. இருவரும் பின்னர் கட்சியை விட்டு விலகிச் சென்றது வேறு கதை. தமிழ் பேசும் மக்கள் என்ற சொற்றொடரைச் செல்வநாயகம் அரசியலில் வேரூன்றச் செய்தார். மொழி உரிமை என்று வந்தால் வடக்கின் சைவரும் கிறிஸ்தவரும், கிழக்கின் முஸ்லிம்களும், மலையகத் தொழிலாளரும் ஒரே படகில் இருப்பவர்கள் என்பது அவரது கணக்கு.

1957 ஜூலை 26ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுடன் அவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். பண்டா-செல்வா ஒப்பந்தம் என்று நாம் படிப்பது அதுதான். வடமாகாணத்துக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ பிரதேச சபைகள். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதிகள் முதலியவை அவற்றின் கையில். வடக்குக் கிழக்கில் நிருவாகம் தமிழில். வன்னியில் வாழும் நமக்கு இதில் குடியேற்றம் என்ற சொல் முக்கியமானது. வன்னியின் எல்லையை அடுத்துள்ள பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் யாருக்குக் காணி கொடுப்பது என்பதே அந்நாட்களில் பெரும் சர்ச்சை. குளமும் வயலும் காடும்தான் வன்னியின் சொத்து. காணி யாருக்கு என்று கொழும்பில் எடுக்கப்படும் முடிவு இங்கே ஓர் ஊரின் முகத்தையே மாற்றிவிடும்.

ஒப்பந்தம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1957 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன எதிர்ப்புத் தெரிவித்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் பிரதமரின் கொழும்பு இல்லத்தின் முன் வந்து அமர்ந்தனர். ஒப்பந்தம் கைவிடப்பட்டதாக அன்றே எழுத்தில் கொடுத்தார் பண்டாரநாயக்க. அடுத்த மாதம் கலவரம், அவசரகாலச் சட்டம், தமிழரசுக் கட்சிக்குத் தடை, தலைவர்களுக்குத் தடுப்புக்காவல். 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்க சுடப்பட்டு மறைந்தார். அதே மாதத்தில் செல்வநாயகத்தின் நெருங்கிய தோழர் வன்னியசிங்கமும் காலமானார். பண்டாரநாயக்கவுக்குப் பின் பிரதமரான டபிள்யூ. தஹநாயக்க டிசம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார்.

1960 மார்ச் 19ஆம் திகதி தேர்தல். அது ரமழான் மாதம். நம் பாட்டிமார் நோன்போடுதான் அன்று வாக்களித்திருப்பார்கள். தொகுதிகள் புதிதாக வரையப்பட்டிருந்தன. மக்கள் தெரிவு செய்யும் உறுப்பினர் தொகை 95இலிருந்து 151ஆக உயர்ந்திருந்தது. இன்றைய முல்லைத்தீவு மாவட்டம் அன்று வவுனியா மாவட்டத்தினுள் இருந்தது. கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் அடங்கியிருந்தது. வவுனியாத் தொகுதியில் ஓர் அதிர்ச்சியும் நடந்தது. 1947இல் இத்தொகுதியில் வென்று முதலாவது அமைச்சரவையிலும் இடம்பெற்றவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். அடங்காத் தமிழர் என்று பேர் பெற்ற அவர் இத்தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் தா. சிவசிதம்பரத்திடம் தோற்றார்.

முடிவுகள் வந்தபோது எவருக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி 50. சி.பி. டி சில்வா தலைமையில் நின்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 46. தமிழரசுக் கட்சி 15. என்.எம். பெரேராவின் சமசமாஜக் கட்சி 10, பிலிப் குணவர்தனவின் மக்கள் ஐக்கிய முன்னணி 10. மிகுதி சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும். தஹநாயக்க தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றுப்போனார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். தெரிவானோர் 151, அரசாங்கம் நியமிக்கக்கூடிய உறுப்பினர் 6, ஆக மொத்தம் 157. ஆட்சி நடத்த 79 பேர் வேண்டும். டட்லிக்கு 50உம் நியமனம் 6உம் சேர்ந்தால் 56. இன்னும் 23 பேர் குறைவு. இடதுசாரிகள் அவரோடு சேர மாட்டார்கள். ஆகவே தமிழரசுக் கட்சியின் 15 பேரும் வந்தால், சில சுயேச்சைகளையும் சிறு கட்சியினரையும் சேர்த்துத் தப்பிப் பிழைக்கலாம். அவர்கள் எதிராகப் போனால் தப்ப வழியே இல்லை. மறுபக்கத்திலும் இதே கதைதான். சுதந்திரக் கட்சி ஆட்சியமைக்க வேண்டுமாயினும் அந்தப் பதினைந்து பேர் வேண்டும்.

மார்ச் 21ஆம் திகதி டட்லி சேனநாயக்க பிரதமராகப் பதவியேற்றார். பெரிய கட்சியின் தலைவர் என்பதால் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக அவரை அழைத்தார். பதவியேற்ற கையோடு அவர் செல்வநாயகத்தின் ஆதரவை நாடினார்.

இப்படியொரு தருணம் வாய்த்தால் சிறிய கட்சிகள் என்ன கேட்கும் என்பதை நாம் இன்று தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கிறோம். அமைச்சு, பிரதியமைச்சு, கூட்டுத்தாபனத் தலைமை, வாகனம். செல்வநாயகம் கேட்டவை நான்கு. பண்டா-செல்வா ஒப்பந்தத்தில் சொன்னவாறு பிரதேச சபைகள் அமைய வேண்டும். அதுவரை வடக்குக் கிழக்கில் அரச குடியேற்றம் நிறுத்தப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் கண்டவாறு தமிழுக்கு நிருவாக மொழி என்ற இடம் சட்டத்தில் வர வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டம் திருத்தப்பட வேண்டும். அது திருந்தும்வரை ஆறு நியமன உறுப்பினரில் நான்கு இடங்கள் மலையகத் தமிழரின் பிரதிநிதிகளுக்குப் போக வேண்டும். தமக்கோ தம் கட்சிக்காரருக்கோ ஒரு நாற்காலிகூட அவர் கேட்கவில்லை. நான்கில் இரண்டு கோரிக்கைகள், அவருக்கு ஒரு வாக்கும் போட முடியாத தோட்டத் தொழிலாளருக்காக. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த மக்களுக்காகப் பிரிந்து வந்தாரோ அந்த மக்களை, கையில் பலம் வந்த நாளில் அவர் மறந்துவிடவில்லை. அவரது வாழ்க்கையில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

டட்லி சேனநாயக்க நல்லவர், பண்பானவர் என்பதில் அவரது எதிரிகளுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் இந்த நான்கையும் ஏற்றால் தெற்கில் தம் கட்சி எழுந்திருக்க முடியாது என்று அவர் அஞ்சினார். பேச்சு முறிந்தது.

சுதந்திரக் கட்சியினர் செல்வநாயகத்தை அணுகினர். பண்டாரநாயக்க கையொப்பமிட்ட ஒப்பந்தத்தையே நிறைவேற்றச் சொல்கிறார்கள் என்பதால் அவர்களுக்குப் பேச்சைத் தொடங்குவது எளிதாக இருந்தது. தமது ஆட்சி அமைந்தால் அவ்வாறே செய்வதாக அவர்கள் இணங்கினர் என்பதே தமிழரசுக் கட்சியினர் பின்னாளில் எப்போதும் கூறிவந்தது. ஆனால் 1957இல் நடந்ததுபோல் இரு தரப்பும் கையொப்பமிட்டு நாட்டுக்கு அறிவித்த ஆவணம் எதுவும் இம்முறை இல்லை. வாய்ச்சொல்தான்.

மார்ச் 30ஆம் திகதி பாராளுமன்றம் கூடியது. நோன்புப் பெருநாளை ஒட்டிய நாள் அது. மறுநாள் செல்வநாயகத்துக்கு 62 வயது நிறைந்தது. முதல் நாளே அரசாங்கத்துக்கு முதலாவது அடி விழுந்தது. சபாநாயகர் பதவிக்கு அரசாங்கத் தரப்பு நிறுத்திய சேர் அல்பேர்ட் பீரிஸ் தோற்க, எதிர்க்கட்சிகளின் ஆதரவுடன் டி.பி. சுபசிங்க தெரிவானார். சபையில் யாருக்குப் பலம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அக்காலப் பாராளுமன்ற வழக்கப்படி புதிய அரசாங்கத்தின் கொள்கையைச் சிம்மாசன உரை என்ற பெயரில் மகாதேசாதிபதி வாசிப்பார். எழுதிக் கொடுப்பது அரசாங்கம். பிறகு அதன்மீது விவாதமும் வாக்கெடுப்பும் நடக்கும். அதில் தோற்றால் அரசாங்கம் தோற்றது என்றே பொருள். ஏப்ரல் 22ஆம் திகதி வாக்கெடுப்பு. அரசாங்கத்துக்கு ஆதரவாக 61, எதிராக 86. இருபத்தைந்து வாக்கு வித்தியாசம். தமிழரசுக் கட்சியின் பதினைந்து பேரும் எதிராக வாக்களித்தனர்.

அவர்கள் டட்லியை வீழ்த்தியது சுதந்திரக் கட்சி ஆட்சிக்கு வரும் என்று நம்பியே. அதற்கு வழி இருந்தது. பிரதமர் முதல் வாக்கெடுப்பிலேயே தோற்றால், உடனே இன்னொரு தேர்தலுக்குப் போகாமல் எதிர்க்கட்சித் தலைவரை அழைத்து அவரால் முடியுமா என்று பார்ப்பதும் வழக்கம்தான். நம் அரசியல் யாப்பின் தாய்வீடான பிரித்தானியாவிலேயே 1924இல் அப்படி நடந்திருக்கிறது. எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தலின் பின் பிரதமர் போல்ட்வின் அரச உரை வாக்கெடுப்பில் தோற்றுப் பதவி விலக, அரசர் தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டை அழைத்தார். தொழிற்கட்சியின் முதலாவது அரசாங்கம் பிறந்தது அப்படித்தான். இலங்கையில் மகாதேசாதிபதி செல்வநாயகத்தை அழைத்து, சுதந்திரக் கட்சி அரசாங்கம் அமைத்தால் அதனை ஆதரிப்பீர்களா என்று விசாரித்தார். ஆதரிப்போம் என்று அவர் உறுதி கூறினார். ஆயினும் சேர் ஒலிவர், தோற்ற பிரதமரின் ஆலோசனையை ஏற்று மறுநாள் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அவர் செய்தது முறையா என்று சட்டம் படித்தவர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள்.

பதினைந்து பேரின் கையிலிருந்த சாவி அந்த ஒரே நாளில் வெறும் இரும்புத் துண்டாகிவிட்டது.

அடுத்து வந்த மூன்று மாதத்தில் தெற்கின் அரசியல் மாறியது. மே மாதம் பண்டாரநாயக்கவின் துணைவியார் சிறிமாவோ சுதந்திரக் கட்சியின் தலைமையை ஏற்றார். இடதுசாரிக் கட்சிகளோடு போட்டித் தவிர்ப்பு இணக்கமும் ஏற்பட்டது. சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியோடு இரகசிய உடன்பாடு செய்துவிட்டது என்று ஐக்கிய தேசியக் கட்சி மேடைதோறும் பேசியது. ஜூலை 20ஆம் திகதி தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. தமிழரசுக் கட்சி 16. முன்னிலும் ஒன்று கூட. ஆனால் அந்தப் பதினாறும் இப்போது எவருக்கும் தேவைப்படவில்லை. மறுநாள் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதலாவது பெண் பிரதமராகப் பதவியேற்றார். பெண் பிள்ளைகளாகிய நமக்கு அது பெருமைக்குரிய நாள். செல்வநாயகத்துக்கோ நம்பியதற்குப் பதில் தேடும் நாட்களின் தொடக்கம்.

மார்ச்சில் இணங்கியவை நடக்கவில்லை. பிரதேச சபைகள் வரவில்லை. 1961 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் சிங்களமே நாடு முழுவதற்கும் நிருவாக மொழியாக நடைமுறைக்கு வந்தது. நீதிமன்ற மொழியையும் சிங்களமாக்கச் சட்டம் நிறைவேறியது.

அவர் செய்தது சரியா என்ற கேள்வி இங்கே எழுகிறது. டட்லியை வீழ்த்தாமல் வைத்திருந்து சிறிது சிறிதாகப் பெற்றிருக்கலாமே என்போர் உண்டு. சுதந்திரக் கட்சியிடம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்போரும் உண்டு. ஒரு சட்டத்தரணி, அதுவும் காணி வழக்குகளில் உறுதியையும் கையொப்பத்தையும் பார்த்தே வாழ்ந்தவர், வாய்ச்சொல்லை நம்பலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அவரிடம் கையொப்பமிட்ட தாள் ஒன்று முன்னமே இருந்தது. அது 1958இல் என்ன ஆயிற்று என்பதை மேலே பார்த்தோம். எழுதிக் கொடுத்ததும் காப்பாற்றவில்லை, சொல்லிக் கொடுத்ததும் காப்பாற்றவில்லை என்றால் தவறு வாங்கியவரிடம் மட்டும் இருக்க முடியாது. என் கருத்தில் அவர் பிழைவிட்டது வேறோர் இடத்தில். தம் பலம் அந்தச் சபையின் எண்ணிக்கையில் மட்டுமே தங்கியிருக்கிறது, சபை கலைந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. மகாதேசாதிபதி இப்படித்தான் முடிவெடுப்பார் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுவது ஆபத்தானது. அதே நேரம், கோரிக்கைகளைக் குறைத்து, மலையகத்தவரின் பங்கைக் கைவிட்டிருந்தால் டட்லியோடு இணக்கம் எளிதாகியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சபையில் தோற்றதை அவர் வீதிக்குக் கொண்டுவந்தார். 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. பின்னர் மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று மற்றக் கச்சேரிகளுக்கும் பரவியது. வாசலை மறித்து அமைதியாக உட்கார்ந்திருப்பதே போராட்டம். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அமர்ந்தார்கள். அதுவரை அரசியல் கூட்டங்களுக்கே போகாத குடும்பப் பெண்கள் பலர் அதில் இருந்தனர். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் வடக்குக் கிழக்கில் அரச நிருவாகம் தடைப்பட்டு நின்றது. ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசுத் தபால் சேவை என்று முத்திரை வெளியிட்டு அரசாங்கத்துக்கே சவால் விட்டனர். சில தினங்களில் அவசரகாலச் சட்டம் பிறந்தது, இராணுவம் வந்தது. செல்வநாயகமும் மற்றத் தலைவர்களும் கைதாகிப் பனாகொடை முகாமில் மாதக்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டனர்.

காலம் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. 1965 தேர்தலிலும் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. மீண்டும் டட்லி சேனநாயக்க, மீண்டும் செல்வநாயகம். இம்முறை 1965 மார்ச் 24ஆம் திகதி எழுத்தில் உடன்பாடு கண்டு, தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை ஆதரித்தது. மாவட்ட சபைகள் அமைவதாக இருந்தது. 1966 ஜனவரியில் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளின் ஒழுங்குவிதிகள் நிறைவேறின. ஆனால் மாவட்ட சபை மசோதா எதிர்ப்புக் கண்டு 1968இல் கைவிடப்பட்டது. 1960இல் எதிர்த்து நின்று கிடைக்காதது, 1965இல் சேர்ந்து நின்றும் கிடைக்கவில்லை.

1972இன் குடியரசு அரசியலமைப்பை ஏற்க மறுத்துத் தம் ஆசனத்தைத் துறந்தார். முடிந்தால் இடைத்தேர்தல் நடத்தி மக்களின் விருப்பைப் பாருங்கள் என்பதே அவரது சவால். அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து, 1975 பெப்ரவரி 6ஆம் திகதிதான் நடத்தியது. 16,000இற்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவரது குரல் கேட்பவருக்கு எட்டாத அளவு தளர்ந்திருந்தது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டை மாநாட்டில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டாட்சிக்காகக் கட்சி தொடங்கியவரின் தலைமையிலேயே அது நடந்தது. 1960இல் அவர் கேட்ட நான்கையும் அத்தீர்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் நாடு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது விளங்கும்.

அவர் வளர்த்த தமிழ் பேசும் மக்கள் என்ற சொற்றொடரும் பிற்காலத்தில் காயம்பட்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டபோது, அந்தச் சொற்றொடருக்குள் நாம் எங்கே இருக்கிறோம் என்ற கேள்வி நம் வீடுகளில் எழுந்தது. அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடந்தது அது. அவரை அதற்குப் பொறுப்பாக்க முடியாது. தமக்கு வாக்களிக்க முடியாத மக்களையும் தம் கணக்கில் வைத்திருந்த ஒரு தலைவர் அதே வடக்கில் வாழ்ந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது என்றே இதை எழுதத் துணிந்தேன்.

1977 ஏப்ரல் 26ஆம் திகதி, தம் வீட்டில் விழுந்து அடிபட்டதைத் தொடர்ந்து அவர் காலமானார். வயது 79. அடுத்த தேர்தலுக்கு மூன்று மாதங்களே இருந்தன. கிறிஸ்தவராகவே வாழ்ந்து மறைந்த அவரது உடலுக்கு வேட்டி உடுத்தி, யாழ்ப்பாணத்தில் பெருந்திரளான மக்களின் முன்னிலையில் தகனம் செய்தனர். யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவிகள் பொது நூலகத்தைப் பார்க்கும்போது, அதற்கு அண்மையில் உயர்ந்து நிற்கும் நினைவுத் தூணையும் காண்பார்கள். 1960 ஏப்ரலில் அந்த வாக்கெடுப்பு நடந்த மண்டபமும் இன்றும் இருக்கிறது. கொழும்பு காலிமுகத்திடலின் ஓரத்தில், பெரிய தூண்களோடு கடலைப் பார்த்து நிற்கும் கற்கட்டடம். இப்போது அது ஜனாதிபதி செயலகம்.